மாவுக்கட்டுக்குள் போன அளவு நாடா

முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். நான் தையற்காரன், துணியை அளக்காமல் வெட்டினேன். வெட்டியது போதாதென்று, துணிக்குச் சொந்தக்காரர் தெருமுனையில் வருவதைப் பார்த்ததும் கடையை அப்படியே போட்டுவிட்டுக் கொல்லைப்பக்கமாக ஓடினேன். ஓடியதும் போதாதென்று, போய்க்கொண்டிருந்த குதிரை வண்டியில் தொத்தினேன். இந்த மூன்றில் ஏதாவது ஒன்றை விட்டிருந்தாலும் என் வலது பாதம் ஆண்டவன் தைத்துக் கொடுத்தபடியே இருந்திருக்கும். ஆனால் நான் எதையும் பாதியில் விடுகிறவன் இல்லை, சட்டைகளைத் தவிர.

பிரெஞ்சுக்காரர்கள் காரைக்காலை விட்டுப் போவதற்கு ஓரிரு வருஷம் முந்தைய கதை இது. எங்கள் ஊரில் அப்போதே மீட்டர். எல்லையிலுள்ள வாஞ்சூர் சாவடியைத் தாண்டி இந்தியப் பக்கம் போய்விட்டால் கெஜம். ஒரே காற்று, ஒரே மழை, துணியை மட்டும் அந்தப் பக்கம் ஒரு கோலாலும் இந்தப் பக்கம் ஒரு கோலாலும் அளந்தார்கள். கெஜம் மீட்டரை விட நாலு விரற்கடை குட்டை. இது ஊரில் கைப்பிள்ளைக்கும் தெரியும். பத்து வருஷமாகக் கடை வைத்திருந்த எனக்கும் தெரியும். தெரிந்து என்ன பயன்?

காரைக்கால்மேட்டில் மீன் ஏலம் கூறுகிற ஒருவர் தன் தங்கை கல்யாணத்துக்காகச் சாவடிக்கு அப்பால் நாகூரில் வழவழவென்று ஒரு சட்டைத்துணி எடுத்துவந்து என்னிடம் கொடுத்தார். ஆள், கட்டுமரத்தைத் தூக்கி நிமிர்த்தி வைத்தது போல இருப்பார். முழுக்கை சட்டை வேண்டும் என்றார். "மூணு இருக்கு" என்றார். மூணு என்ன என்று நான் கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. விரித்து அளந்தாவது பார்த்திருக்க வேண்டும். அன்றைக்கு வெயில் அதிகம். மூன்று மீட்டர் என்று மனக்கணக்குப் போட்டு, அவர் உடம்புக்கேற்ற தாராளத்தோடு முன்பக்கம், பின்பக்கம், கழுத்துப்பட்டை என்று வெட்டித் தள்ளிவிட்டு, கைக்கு வந்தபோது மிச்சத்தைப் பார்த்தேன். ஒரு கைக்குத்தான் துணி இருந்தது. மனிதருக்கு இரண்டு கை. இரண்டும் பெரிய கை.

எங்கள் தொழிலில் எல்லா நோய்க்கும் ஒரே மருந்து உண்டு. 'நாளைக்கு வாங்க.' துணியே வெட்டாவிட்டாலும் நாளைக்கு வாங்க. காஜா எடுக்கவில்லை என்றாலும் நாளைக்கு வாங்க. காரைக்காலில் என்னிடம் அந்த வார்த்தையைக் கேட்காத ஆண்பிள்ளை இல்லை. ஏலக்காரருக்கு அதைப் பதினோரு முறை சொல்லியிருந்தேன். பன்னிரண்டாவது முறை சொல்ல எனக்கே வெட்கமாக இருந்ததால்தான் ஓடினேன். அந்த வகையில் அது என் மானமுள்ள செய்கைகளில் ஒன்று.

கடைக்குப் பின்னால்தான் வீடு. கொல்லைக் கதவைத் திறந்து சந்துக்குள் பாய்ந்தேன். ஒரு குதிரை வண்டி மெதுவாகப் போய்க்கொண்டிருந்தது. பின்பக்கத்து இரும்புப் படியில் வலது காலை வைத்தேன். அந்த நேரம் பார்த்துக் குதிரைக்கு என்ன தோன்றியதோ, ஓட்டமெடுத்தது. கால் படிக்கும் வண்டிக்கும் நடுவில் மாட்டிக்கொண்டது. உடம்பு பின்னால் சாய்ந்தது. பாதத்தின் நடுவில், சுள்ளி முறிகிற மாதிரி ஒரு சத்தம். பிறகு நான் தரையில் கிடந்தேன். என் செருப்பு மட்டும் வண்டியில் தொங்கியபடி நெரவிப் பக்கம் பயணம் போனது.

சத்தம் கேட்டு முதலில் ஓடிவந்தவர் யார் என்கிறீர்கள்? அவரேதான். குனிந்து, வலையிலிருந்து மீனை எடுப்பது போல என்னை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டார்.

"ஏன் டைலரே ஓடுனீங்க? கல்யாணம் ஆவணிக்குத் தள்ளிப்போச்சு, அவசரமில்ல, மெதுவா தைங்கன்னு சொல்லிட்டுப் போவலாம்னுதானே வந்தேன்."

தோளில் தலைகீழாகத் தொங்கிக்கொண்டு, அப்படியா சந்தோஷம் என்றேன்.

வீட்டில் நெடுங்காட்டுக் கைவைத்தியம் ஆரம்பமானது. என் மனைவி நெடுங்காட்டில் நடவு வயலில் வளர்ந்தவள். கடையில் காஜா எடுப்பதும் பொத்தான் வைப்பதும் அவள் வேலை. கால் வீங்கிப்போயிருந்தது. சுளுக்குத்தான் என்று நான் தீர்ப்புச் சொன்னேன். விளக்கெண்ணெய் தடவி, தவிட்டை வறுத்து ஒத்தடம் கொடுத்து, இரண்டு நாள் ஓட்டினோம். மூன்றாம் நாள் காலையில் அவள் பாதத்தைத் தூக்கி அடிப்பக்கத்தைப் பார்த்தாள். உள்ளங்காலின் நடுவில் மை கொட்டினது போல நீலம். சுளுக்கென்றால் மேலேதானே நீலம் பாயும், அடியில் எப்படி வரும் என்று கேட்டாள். பதில் தெரியாத கேள்வியை அவள் கேட்டால் நான் வழக்கமாகக் கோபப்படுவேன். அன்றைக்குக் கோபப்படவும் கால் விடவில்லை. மாட்டுவண்டி பிடித்து ஆஸ்பத்திரிக்குப் போனோம்.

அங்கே டாக்டரைப் பார்த்ததும் எனக்குப் பாதி உயிர் போனது. புதுச்சேரிக்காரர், பிரான்சில் படித்தவர், கெட்டிக்காரர். அதெல்லாம் பிரச்சினை இல்லை. அவருடைய வெள்ளைக் கால்சட்டைத் துணி பொங்கலிலிருந்து என் அலமாரியில் இருந்தது. அதுதான் பிரச்சினை.

அவர் அதை விட்டுவிட்டுக் காலைக் கவனித்தார். உள்ளங்கால் நீலத்தைப் பார்த்தார், கட்டைவிரலையும் அடுத்த விரலையும் பிடித்து மேலும் கீழுமாக அசைத்தார், நான் கத்தினேன், அவர் திருப்தியாகத் தலையாட்டினார். எக்ஸ்ரே எடுத்து வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தபோது அவர் முகத்தில் ஒரு மலர்ச்சி. பழைய காலத்துப் பிரெஞ்சுக் குதிரைப்படையில், வீரன் கால் அங்கவடி என்கிற சேணத்துக் கால்வளையத்தில் மாட்டியபடி குதிரையிலிருந்து விழுந்தால் இப்படித்தான் பாதத்தின் நடுவில் எலும்பு முறிந்து மூட்டுப் பிசகுமாம். அந்த மூட்டுக்கே ஒரு பிரெஞ்சு வைத்தியரின் பெயர்தானாம். சொன்னார், என் வாயில் நுழையவில்லை. படித்ததோடு சரி, நேரில் இதுதான் முதல் தடவை என்றார். போர்க்களமா என்று கேட்டார். இல்லைங்க, ஏலக்காரர் என்றேன்.

பிறகு எனக்குப் புரிகிற மாதிரி சொன்னார். பாதத்தின் எலும்புகள் வளைவாக, ஒன்றுக்கொன்று இடுக்கிக்கொண்டு நிற்கின்றன. கட்டைவிரல் எலும்பின் அடிக்கும் அடுத்ததன் அடிக்கும் நடுவில் உள்ள கட்டு அறுந்து, மற்ற நாலு விரலின் எலும்பும் வெளிப்பக்கமாக நகர்ந்துவிட்டன. இரண்டில் முறிவும் இருக்கிறது. படத்தில் எனக்கே தெரிந்தது, தோள்பட்டைத் தையல் விட்ட சட்டை மாதிரி இடைவெளி. அப்படியே விட்டால் என்ன ஆகும் என்று கேட்டேன். வளைவு தட்டையாகிவிடும் என்றார். வலி போகாது. நடக்கலாம், நொண்டலாம்.

"மெஷின் மிதிக்கிறதை மறந்துட வேண்டியதுதான், முசியே" என்றார், பிரெஞ்சு மரியாதையோடு.

அதுவரைதான் எனக்கு விளையாட்டு. நான் கையால் தைப்பதாக ஊர் நினைத்துக்கொண்டிருந்தது. கை என்ன பெரிய கை, யாருக்கும் உண்டு. தையல் காலில் இருக்கிறது. பெடலில் முன்பாதம் அழுந்துவதும் குதிகால் எழுவதும் மூச்சு விடுவது போல. அது நின்றால் நான் வெறும் கத்தரிக்கோல். போதாக்குறைக்கு ரம்ஜான் பெருநாளுக்கு ஏழு வாரம் இருந்தது. ஊரில் பாதி மரைக்காயர் குடும்பங்களின் துணி என் அலமாரியில் அடுக்கியிருந்தது. ஒன்றிலும் கத்தரி படவில்லை.

மறுநாள் ஆபரேஷன். மூக்கில் ஈதர் முகமூடியை வைத்து எண்ணச் சொன்னார்கள். நான் படித்த மூன்றாம் வகுப்புப் பிரெஞ்சில் ஐந்துவரை எண்ணினேன்; அப்புறம் தெரியாததால் மார்பு முப்பத்தெட்டு, இடுப்பு முப்பத்திநாலு என்று வாடிக்கைக்காரர்களின் அளவைச் சொல்லிக்கொண்டு போனேனாம். மயங்கப் போகிற நேரத்தில் டாக்டர் குனிந்து, என் கால்சட்டை எப்போது கிடைக்கும் என்று மெல்லக் கேட்டிருக்கிறார். நான் கணீரென்று பதில் சொல்லியிருக்கிறேன். என்ன பதில் என்று நான் எழுத வேண்டியதில்லை. கதவுக்கு வெளியே கவலையோடு நின்ற என் மனைவிக்கு அது கேட்டிருக்கிறது. இந்த மனுஷனுக்கு ஒன்றும் ஆகாது என்று அப்போதே தைரியம் வந்துவிட்டதாகப் பிற்பாடு சொன்னாள்.

உள்ளே என்ன செய்தார்கள் என்பதை டாக்டர் பிறகு விளக்கினார். எலும்புகளைப் பழைய இடத்துக்கு இழுத்து வைத்து, இரண்டு மெல்லிய எஃகுக் கம்பிகளை ஊடே செலுத்தி நிறுத்தியிருக்கிறார். தைப்பதற்கு முன்னால் துணியைக் குண்டூசி குத்திப் பிடிக்கிறோமே, அதேதான். கம்பி தைக்காது, பிடித்துக்கொண்டு நிற்கும். தைக்கிறது உடம்பு. அதற்கு ஆறு வாரம் வேண்டும். ஆறு வாரமும் அந்தக் கால் தரையில் படக் கூடாது, தொங்கவும் கூடாது. தலையணை மேல், நெஞ்சுக்கு மேலாக இருக்க வேண்டும். முழங்கால் வரை மாவுக்கட்டு. சித்திரை மாதத்தில்.

இடது காலால் மிதிக்கலாமே என்று நீங்கள் நினைப்பீர்கள். நானும் நினைத்தேன். வீட்டுக்கு வந்த மூன்றாம் நாளே முயன்றேன். இடது காலுக்கு நான் யாரென்றே தெரியவில்லை. சக்கரம் பின்னால் சுற்றி நூல் அறுந்தது. அதற்குள் தொங்கிய வலது கால் கட்டுக்குள் வீங்கி, விரல்கள் கத்தரிக்காய் நிறத்துக்கு வந்துவிட்டன.

அப்போதுதான் எங்கள் வீட்டில் அந்த நூதன ஏற்பாடு பிறந்தது. என் காலை ஒரு உயரமான பெட்டி மேல் தலையணை வைத்துத் தூக்கி நிறுத்திவிட்டு, நான் பாதி சாய்ந்து மெஷினில் துணியை நகர்த்துவேன். அவள் பக்கத்தில் முக்காலி போட்டு உட்கார்ந்து பெடலை மிதிப்பாள். ஒரு மெஷின், ஒரு தம்பதி. நான் நிறுத்து என்றால் அவள் கால் இரண்டு சுற்றுக் கழித்து நிற்கும். மெல்ல என்றால் ஏன் மெல்ல என்று கேட்டுவிட்டு மெல்லப் போகும். கல்யாணமாகி எட்டு வருஷத்தில் நாங்கள் போட்ட சண்டையெல்லாம் சேர்த்தாலும் அந்த ஒரு வாரத்துச் சண்டைக்கு ஈடாகாது. ஊசி என் ஆள்காட்டி விரலில் ஏறிய அன்றைக்கு அவள் எழுந்து நின்றாள்.

"கால் என்னுது. கை எதுக்கு உங்களுது? தள்ளிப் படுங்க."

தள்ளிப் படுத்தேன். அளவெடுப்பது மட்டும் என் வேலையாக மிஞ்சியது, ஆண்பிள்ளைகளை அவள் அளக்க முடியாதே. நான் பெஞ்சில் மல்லாந்து கிடக்க, பெரிய பெரிய வியாபாரிகள் என் பக்கத்தில் மண்டிபோட்டுக் குனிந்து கழுத்தை நீட்டினார்கள். மார்பளவுக்கு என் மேலேயே கவிழ்ந்தார்கள். தெருவில் போகிறவர்கள், அவர்கள் என்னைக் கட்டிப்பிடித்து அழுகிறார்கள் என்று நினைத்து உள்ளே வந்து துக்கம் விசாரித்தார்கள்.

வெட்டுவதையும் அவளே எடுத்துக்கொண்டாள். கத்தரிக்கு முன் மூன்று முறை அளந்தாள். துணி கொடுப்பவரிடம், நாகூர்த் துணியா காரைக்கால் துணியா என்று கேட்டாள். என்னைப் பார்த்துக்கொண்டே கேட்டாள். அதோடு நிற்காமல் இன்னொரு அநியாயமும் செய்தாள். வெள்ளிக்கிழமை என்று சொன்னால் வெள்ளிக்கிழமை கொடுத்தாள். வாடிக்கைக்காரர்கள் குழம்பிப்போனார்கள். எப்படியும் நான்கு நடை நடக்க வேண்டும் என்று கணக்குப் போட்டு முன்கூட்டியே வந்தவர்கள், முதல் நடையிலேயே சட்டையை வாங்கிக்கொண்டு என்ன செய்வதென்று தெரியாமல் நின்றார்கள். ஒரு மரைக்காயர், பெருநாள் தள்ளிப்போய்விட்டதா என்றுகூடக் கேட்டார்.

எனக்குக் கட்டுக்குள் அரிப்பு. வியர்வை இறங்கி, பாதத்தின் நடுவில், சரியாகக் கம்பி இருந்த இடத்துக்குப் பக்கத்தில் எறும்பு ஊர்வது போல. ஈர்க்குச்சி உடைந்தது. மரஸ்கேல் நுழையவில்லை. கடைசியில் என் அளவு நாடாவை உள்ளே விட்டு மேலும் கீழும் இழுத்தேன். என்ன சுகம் என்கிறீர்கள். மூன்றாம் இழுப்பில் நாடா முழுதாக உள்ளே போய்விட்டது. மனைவியிடம் நாடா காணோம் என்று சொல்லிவிட்டேன். அவள் வீடு முழுவதும் தேடினாள், நானும் படுத்தபடி தேட வேண்டிய இடங்களைச் சொன்னேன். கடைசியில் புது நாடா வாங்கினாள்.

ஆனால் எப்போதும் சிரிப்பாக இல்லை. மத்தியானங்களில் பெஞ்சில் படுத்துக்கொண்டு மெஷின் ஓடுவதைக் கேட்பேன். முதலில் அவள் மிதி இடறி இடறி வந்தது. பிறகு நேரானது. சேற்றில் வரிசை பிடித்து நட்ட கால், தாளம் தப்பாது. நாலாம் வாரத்தில், கண்ணை மூடிக்கொண்டால் ஓட்டுவது நானா அவளா என்று எனக்கே தெரியவில்லை. அதுவே பயமாக இருந்தது. அவள் எதற்கோ நெடுங்காடு போன ஒரு நாள், பயம் தாங்காமல் மெஷினில் உட்கார்ந்து கட்டுப் போட்ட காலைப் பெடலில் வைத்து அழுத்தினேன். நாலு சுற்று ஓடியது. ஐந்தாவதில் மாவுக்கட்டு குறுக்கே விரிந்தது.

டாக்டர் விரிசலைத் தடவிப் பார்த்தார். மறுபடி எக்ஸ்ரே எடுத்தார். கம்பிகள் அசையவில்லை என்று தெரிந்த பிறகே உட்கார்ந்தார். பழைய கட்டை வெட்டித் திறந்தபோது உள்ளேயிருந்து என் அளவு நாடா வந்தது. அதை இரண்டு விரலால் தூக்கிப் பிடித்து, என் மனைவியிடம் பணிவாகக் கொடுத்தார். அவளும் பணிவாக வாங்கிக்கொண்டாள். இரண்டு பேருமாகச் சேர்ந்து என்னைப் பார்த்த பார்வைக்கு ஈதரே தேவலாம். இன்னொரு தடவை அந்தக் கால் கீழே பட்டால் தான் ஒன்றும் செய்ய முடியாது என்றார் டாக்டர். என்னிடம் சொல்லவில்லை. அவளிடம் சொன்னார்.

அதன் பிறகு நான் நல்ல பிள்ளை. பெருநாளுக்கு இரண்டு நாள் முன்பே அலமாரி காலியானது, கடை வரலாற்றில் முதல் முறையாக. டாக்டரின் கால்சட்டையும் போய்ச் சேர்ந்தது. ஏலக்காரரின் சட்டைக்கு அவள் ஒரே நாளில் வழி கண்டாள்: இருந்த துணியில் இரண்டு அரைக்கை. அவர் போட்டுப் பார்த்து, கையைத் தூக்கி ஏலம் கூற வசதியாக இருக்கிறது என்று அடுத்த சட்டைக்கும் அரைக்கையே கேட்டார். வரும்போதெல்லாம் நண்டும் மீனும் கொண்டுவந்தார். எலும்பு ஒட்டுமாம். நான் ஏன் ஓடினேன் என்பதை மட்டும் அவர் மறக்கவே இல்லை. ஒவ்வொரு தடவையும் வாசலிலேயே நின்று, ஓடிடாதீங்க, நான்தான் என்று குரல் கொடுத்துவிட்டுத்தான் உள்ளே வருவார்.

ஆறாம் வாரம் கம்பிகளை உருவி எடுத்தார்கள். அதற்குப் பிறகு ஒரு மாதம் நடக்கிற மாவுக்கட்டு, கக்கத்துக் கட்டைகள். எல்லாம் கழன்றபோது வெளியே வந்தது என் கால் என்று நம்ப முடியவில்லை. உரித்த பனங்கிழங்கு மாதிரி வெளுத்து மெலிந்திருந்தது. ஆனால் வளைவு இருந்தது. தரையில் ஈரக்காலை வைத்தால் நடுவில் தண்ணீர் படாத இடம் இருந்தது. அதைப் பார்த்து நான் கொஞ்சம் கண் கலங்கினேன். வெங்காயம் உரிக்கிறதாகச் சொல்லிக்கொள்ளலாம் என்றால் பக்கத்தில் வெங்காயம் இல்லை.

காலையில் கடற்கரை மணலில் வெறுங்காலோடு நடக்கச் சொன்னார் டாக்டர். கால் விரல்களால் துணித்துண்டைப் பொறுக்கச் சொன்னார். கடையில் துண்டுக்கா பஞ்சம்? விரல்கள் மெல்ல மெல்ல என்னை அடையாளம் கண்டுகொண்டன. ஆடி பிறந்து ஒரு வாரம் இருக்கும், பாதத்தை இப்படியும் அப்படியும் வளைத்துப் பார்த்துவிட்டு ஒரு சீட்டில் மருந்து எழுதினார். மாத்திரை இல்லை, தைலம் இல்லை. காலை அரை மணி, மாலை அரை மணி தையல் மெஷின் மிதிக்க வேண்டும். இதைவிட நல்ல பயிற்சி பிரான்சிலும் கிடையாது என்றார்.

அன்றைக்கு நான் வீட்டுக்கு நடந்து வந்த நடை இருக்கிறதே. ஒரு கைத்தடி மட்டும். தெருவில் பார்த்தவர்களிடமெல்லாம் சீட்டைக் காட்டினேன். என் மெஷினை மிதிக்க எனக்கு சர்க்காரே உத்தரவு கொடுத்திருக்கிறது என்று சொன்னேன்.

கடைக்குள் நுழைந்தேன். அவள் மெஷினில் குனிந்திருந்தாள். பக்கத்தில் வெட்டிய துணிகள் அடுக்கு அடுக்காக, ஒவ்வொன்றின் மேலும் எந்தக் கிழமை என்று சாக்கட்டியால் எழுதி. பெடலில் அவள் கால் போவதும் வருவதுமாக இருந்தது. நான் தொண்டையைக் கனைத்தேன். சீட்டை அவள் கண்ணில் படும்படி நீட்டினேன். கால் தேறிவிட்டது, டாக்டரே மிதிக்கச் சொல்லிவிட்டார், எழுந்திரு, நான் உட்கார வேண்டும் என்று, பத்து வருஷத்துச் சொந்தக்காரன் குரலில் சொன்னேன்.

அவள் தலை நிமிரவில்லை. ஊசியும் நிற்கவில்லை.

"நாளைக்கு வாங்க."